வாய்க்காலில் கசியும் தண்ணீர் வீணா? கொலராடோ ஆற்றுப் பக்கம் நடந்ததை வைத்து ஒரு கேள்வி

#1 கொட்டியாரத்தான் (மூதூர்)

வணக்கம் உறவுகளே.

எங்கள் பக்கத்துக் கிளை வாய்க்காலுக்குச் சீமெந்து போடப் போகிறார்கள். அண்மையில் கூட்டம் வைத்து வரைபடமும் விரித்துக் காட்டினார்கள். விடும் தண்ணீரில் பெரும்பகுதி மண்ணுக்குள் போய்விடுகிறது, அதைத் தடுத்தால் சிறுபோகத்தில் (கோடைப் பயிர்க்காலம்) இன்னும் கொஞ்ச நிலம் விதைக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. மண்ணுக்குள் போகும் தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது என்று கேட்டேன். "அது இழப்பு" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள்.

வாய்க்காலுக்குக் கீழ்ப்புறம் இருக்கும் வளவுக் கிணறுகளை வைத்திருப்பவர்களுக்கு அது எங்கே போகிறது என்று நன்றாகத் தெரியும். துருசு (வாய்க்கால் மதகு) திறந்து சில நாட்களில் கிணறு ஏறும். பூட்டினால் இறங்கும். கிணற்றின் உட்சுவரில் பாசி படிந்த கோட்டைப் பார்த்தாலே போகம் எப்போது தொடங்கியது என்று சொல்லிவிடலாம்.

இதே கேள்வி அமெரிக்கா, மெக்சிகோ எல்லையில் பெரிய வழக்காகவே போயிருக்கிறது. கொலராடோ ஆற்றிலிருந்து கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் கொண்டுபோகும் 'ஓல் அமெரிக்கன் கால்வாய்' சுமார் 80 மைல் நீளம். 1940களில் ஓடத் தொடங்கியது. வழியில் பெரிய மணல் மேடுகளைக் கடந்து, எல்லைக் கோட்டை ஒட்டியே போகிறது. கரைக்குச் சீமெந்து இல்லை, அதனால் கசிந்தது. கசிந்த தண்ணீர் நிலத்துக்கடியில் தெற்கே நகர்ந்து மெக்சிக்காலிப் பள்ளத்தாக்கின் கிணறுகளுக்குப் போனது. அங்குள்ள கமக்காரர்கள் பல பத்தாண்டுகள் அந்தக் கிணறுகளை நம்பியே பயிர் செய்தார்கள்.

பிறகு அமெரிக்கா, கசியும் பகுதியில் 23 மைலுக்குப் பக்கத்திலேயே புதிய கொங்கிறீற்றுக் கால்வாய் வெட்டத் திட்டம் போட்டது. ஆண்டுக்கு 67,700 ஏக்கர் அடி (ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஒரு ஏக்கர் அடி) மிச்சம், அதில் பெரும்பங்கு சான் டியேகோ நகரப் பக்கத்துக்கு. மெக்சிகோப் பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். 2006 கடைசியில் அமெரிக்கக் காங்கிரஸ் வேலையைத் தொடரச் சொல்லிச் சட்டமே கொண்டுவந்தது, வழக்கும் அதோடு போனது. சில ஆண்டுகளில் கால்வாய் முடிந்தது. தெற்கே கிணறுகளுக்கு ஊறிய தண்ணீர் நின்றது.

மிச்சம் பிடித்ததாக எழுதிய அந்த 67,700 ஏக்கர் அடியும் ஏற்கெனவே ஒருவருடைய வயலில் நின்ற தண்ணீர். புதிதாக ஒரு சொட்டும் பிறக்கவில்லை, கை மட்டும் மாறியது. எங்கள் ஊரிலும் அதுதான் நடக்கப் போகிறதோ என்று பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 தம்பலகாமக் கமம்

அண்ணை, உங்கள் கவலை விளங்குகிறது. ஆனால் நீங்கள் வாய்க்காலின் தலைப்பக்கத்தில் இருந்து பேசுகிறீர்கள். எங்கள் வயல் கந்தளாய்த் தண்ணீரின் கடைசிப் பக்கம். துருசு திறந்து மேலே எல்லோருக்கும் பாய்ந்து முடிந்து எங்களிடம் வரும்போது வாய்க்காலில் கணுக்கால் அளவுதான் நிற்கும். சில முறைகளில் அதுவும் வராது. தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையோடு சண்டை பிடித்து இரவில் காவல் இருந்து தண்ணீர் கட்டியவர்களுக்குச் சீமெந்து வாய்க்கால் என்றால் என்ன என்று தெரியும்.

கிணறு வைத்திருப்பவருக்குக் கசிவு நல்லது, சரி. கடைசி வயற்காரனுக்கு? அந்தத் தண்ணீரை எனக்கென்று குளத்திலிருந்து விட்டார்கள். இடையில் வேறொருவர் கிணற்றுக்குப் போனால் எனக்கு அது இழப்புத்தானே?

மெக்சிகோக் கமக்காரர் மீது எனக்கு இரக்கம் உண்டு. இருந்தாலும் கலிபோர்னியாக்காரன் தன் பங்குத் தண்ணீரைத் தன் கால்வாய்க்குள் வைத்திருந்ததைக் குற்றம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

#3 உப்புவெளி வாசி

ஒரு அடிப்படை விசயம். திருகோணமலையில் ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை. கொலராடோவின் கீழ்க்கரையில் இருக்கும் யூமாவில் ஆண்டுக்கு 80 மில்லிமீற்றர் அளவுதான். அது முழுப் பாலைவனம், இங்கே ஒரு மாரியில் கிணறு வாய் வரைக்கும் நிறைந்துவிடும். ஒப்பிடலாமா?

#4 பாலை மண் (சொந்த ஊர் திருகோணமலை, இப்போது ஃபீனிக்ஸ்)

உப்புவெளி அக்கா, மழையை ஒப்பிட முடியாதுதான். ஆனால் ஆடி, ஆவணியில் நம் ஊரில் மழை எங்கே? அந்த மாதங்களில் நாமும் வேறெங்கோ பெய்த மழையைத்தான் குளத்திலும் மண்ணிலும் வைத்துக் குடிக்கிறோம். கொலராடோவும் அப்படியே. தண்ணீர் ரொக்கி மலையின் பனி, செலவு முழுக்கப் பாலைவனத்தில்.

நான் இருக்கும் அரிசோனாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். கசிவு பற்றிய பேச்சில் இங்கே நடந்தது நேரே தலைகீழ்.

கொலராடோ ஆற்றிலிருந்து ஃபீனிக்ஸ், டூசான் பக்கத்துக்கு 336 மைல் தூரத்துக்குக் கால்வாய் வருகிறது. பம்புகளால் 2,900 அடி வரை மேலேற்றிக் கொண்டுவருகிறார்கள். முழுக்கக் கொங்கிறீற். அதைப் பார்க்கும்போது கந்தளாய் வாய்க்கால்தான் நினைவுக்கு வரும், ஆனால் கரையில் ஒரு மருதமரம்கூட இருக்காது. பக்கத்தில் கிணறும் இருக்காது.

டூசான் நகரம் 1992 இல் அந்தத் தண்ணீரை நேரே வீட்டுக் குழாய்களில் விட்டது. அதுவரை அவர்கள் நிலத்தடி நீர் குடித்தவர்கள். புதிய தண்ணீரின் வேதியியல் வேறு என்பதால் பழைய இரும்புக் குழாய்களின் உட்துரு கரைந்து, வீடுகளில் மண்ணிறத் தண்ணீர் வந்தது. சனம் கொதித்துப்போனது, 1994 இல் நிறுத்தினார்கள். பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? கால்வாய்த் தண்ணீரை நகருக்கு வெளியே அவ்ரா பள்ளத்தாக்கில் மணற் குளங்கள் வெட்டி அதில் விட்டார்கள். வேண்டுமென்றே கசிய விட்டார்கள். மண்ணுக்குள் இறங்கி அங்கிருக்கும் நிலத்தடி நீரோடு கலந்ததைக் கிணறு வைத்து இறைத்து 2001 முதல் குடிக்கிறார்கள்.

336 மைலுக்கு ஒரு சொட்டுக்கூடக் கசியாமல் காசு கொட்டிக் கொண்டுவந்து, கடைசியில் கசிய விடுகிறார்கள். கசிவது கூடாது என்பதல்ல, எந்த இடத்தில் கசிகிறது என்பதுதான் விசயம் என்பது எனக்கு இங்கேதான் புரிந்தது.

#5 நிலாவெளிக் கிணறு

எங்கள் பக்கம் வாய்க்காலே இல்லை, மணல்தான். அதனால் இந்த இழையை ஆர்வமாக வாசிக்கிறேன்.

எங்கள் வளவுக் கிணறு வட்டக் கொங்கிறீற்று வளையம் இறக்கிய பழைய கிணறு. மாசியில் குனிந்து வாளியால் அள்ளலாம். ஆவணியில் அடியில் முழங்கால் அளவு நிற்கும், அதுவும் இனிக்கும். அம்மா காலத்தில் துலாவால் இறைத்தார்கள். இப்போது சுற்றிவரத் தங்குமிடங்கள், எல்லாவற்றிலும் மோட்டர். பின்னேரம் எல்லோரும் ஒரே நேரத்தில் மோட்டர் போடுகிற நாட்களில் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் தேநீர் போட்டால் பால் திரைந்துவிடும். மறுநாள் காலை கொஞ்சம் தெளியும்.

என் கேள்வி இது. அரிசோனா மணலில் தண்ணீரைச் சேமிக்கிறார்கள் என்றால் நிலாவெளி மணலில் ஏன் முடியாது? மாரியில் வீதி முழுக்க வெள்ளம் நின்று கடலுக்குப் போகிறதே.

#6 கல்லும் மண்ணும்

இளைப்பாறும் வரை குழாய்க்கிணறு தோண்டும் வேலையிலேயே இருந்தவன். எல்லோர் கேள்விக்கும் பதில் நிலத்துக்கடியில் இருப்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் கொலராடோ. அந்தப் படுகை ஒரே மாதிரி நிலம் அல்ல. மேற்பாதி மேட்டுநிலம், மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் மாக்கல்லும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. கிராண்ட் கனியனில் ஆறு அதையெல்லாம் வெட்டி இறங்கியிருக்கிறது. மேல் விளிம்பில் இருக்கும் சுண்ணாம்புக்கல் சுமார் 27 கோடி ஆண்டு வயது. அடியில் ஆற்றோரம் தெரியும் கருமையான விஷ்ணு சிஸ்ற் பாறை சுமார் 170 கோடி ஆண்டு. விஷ்ணு என்பது அவர்கள் வைத்த பெயர்தான், அங்கே பல சிகரங்களுக்கும் நம் தெய்வங்களின் பெயர் உண்டு.

மணற்கல்லில் நுண்துளைகள் அதிகம், தண்ணீரை உறிஞ்சி வைக்கும். கிளென் கனியன் அணை நவாகோ மணற்கல்லில் நிற்கிறது. 1963 இல் கதவு மூடி பவல் ஏரி நிறையத் தொடங்கியதும் ஏராளமான தண்ணீர் கரைப் பாறைக்குள்ளேயே போனது. ஏரி இறங்கும்போது அதில் ஒரு பங்கு திரும்பி வரும், மீதி பாறைக்குள்ளேயே நிற்கும்.

இன்னொரு விசயம் முக்கியம். 2016 இல் வெளிவந்த அமெரிக்க நிலவியல் அளவைத்துறை ஆய்வின்படி மேற்படுகையில் ஆறுகளில் ஓடுவதில் பாதிக்கு மேல் நிலத்தடியிலிருந்து ஊறி வந்தது. பனி உருகி நேரே ஆற்றுக்குள் ஓடுவதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். உருகிய நீரில் பெரும்பங்கு மண்ணுக்குள் போய், பாறைக்குள் நாட்களோ நூற்றாண்டுகளோ இருந்து, பள்ளத்தில் ஊற்றாக வெளிவந்து ஆறாகிறது. அங்கே கிணறு தோண்டி இறைப்பவன் தெரியாமலே ஆற்றைத்தான் இறைக்கிறான்.

கீழ்ப்பாதி வேறு கதை. பூமியின் மேலோடு இழுபட்டு விரிந்து, மலைத்தொடர், பள்ளம், மலைத்தொடர் என்று மாறி மாறிக் கிடக்கும். பள்ளங்களில் ஆயிரக்கணக்கான அடி மணலும் பரலும் களியும் நிறைந்திருக்கின்றன. அதற்குள் பனியுகக் காலத்துத் தண்ணீரும் உண்டு. தென் அரிசோனாவில் இதை மோட்டர் போட்டு இறைத்துப் பருத்தி விதைத்தார்கள். எலோய் என்ற ஊர்ப் பக்கம் 1985 அளவில் நிலமே 15 அடிக்கு மேல் கீழே இறங்கிவிட்டது. நீர் போனதும் களிப்படை அமர்ந்துவிடுகிறது. சாக்கில் குலுக்கி அமர்ந்த நெல் போலத்தான், பிறகு தண்ணீர் விட்டாலும் பழைய உயரத்துக்கு எழும்பாது. நீர் நிற்கும் இடமே போய்விட்டது. பிக்காச்சோ என்ற இடத்தில் 1927 இலேயே தரையில் நீண்ட வெடிப்பு கண்டிருக்கிறார்கள்.

இப்போது நம் ஊர். கோணேசர் மலையும் துறைமுகத்தைச் சுற்றி நிற்கும் மேடுகளும் பெரும்பாலும் குவார்சைட் பாறை. உள்ளே போனால் நைஸ், சார்னொக்கைட். எல்லாமே பழமையான, நுண்துளை இல்லாத உருமாறிய கல். கல்லுக்குள் தண்ணீர் நிற்காது. மேலே உக்கிய மண்ணும், அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளுமே நம் நிலத்தடி நீர். பல இடங்களில் அந்த உக்கிய படை 10 மீற்றர் அளவுதான். கன்னியாவில் சுடுநீர் வருவது ஆழமான ஒரு வெடிப்பு வழியாக. அது வேறு கணக்கு.

கொலராடோவின் கீழ்ப்படுகைக்காரரிடம் ஆயிரம் அடிப் பெட்டகம் இருக்கிறது, எங்களிடம் முப்பது அடிப் பெட்டிதான். சீக்கிரம் நிறையும், சீக்கிரம் காலியாகும். அதனால்தான் மூதூர்த் தம்பி சொன்னது போல வாய்க்கால் பூட்டினால் சில நாட்களிலேயே கிணறு இறங்குகிறது. ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் இருப்பு அங்கே இல்லை. குளமும் வாய்க்காலும் ஈரமான வயலும் மேலிருந்து ஊட்டிக்கொண்டே இருந்தால்தான் கிணறு.

நிலாவெளித் தங்கச்சிக்கு: உங்கள் மணலில் நன்னீர் கடல்நீருக்கு மேல் மிதக்கிறது. கணக்கு எளிது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், மணல் அவ்வளவு ஆழம் இருக்கும் இடத்தில், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். இறைத்து மேலே 1 அடி குறைத்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். உங்கள் தேநீர் திரைவதற்குக் காரணம் இதுதான். மாரி வெள்ளத்தை மணலுக்குள் விடலாம், விடவும் வேண்டும். வீதிக்கரையில் சீமெந்துக் கான் கட்டிக் கடலுக்கு விரட்டுவதை நிறுத்தினாலே பாதி வேலை முடியும். ஆனால் மலசலகூடக் குழிகளுக்குப் பக்கத்தில் விட வேண்டாம்.

#7 கொட்டியாரத்தான்

கல்லும் மண்ணும் ஐயா, பெரிய நன்றி.

தம்பலகாமத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். நியாயமான கேள்வி. அதற்குக் கொலராடோவின் பங்கீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

நம் நீர்ப்பாசனக்காரரும் அமெரிக்கரும் குளத்தை ஏக்கர் அடியில் அளப்பது வசதியாகப் போயிற்று. கந்தளாய்க் குளம் நிறைந்தால் ஏறத்தாழ 110,000 ஏக்கர் அடி. 1986 ஏப்ரல் 20 அதிகாலை அணை உடைந்து அந்தத் தண்ணீர் வந்த வழியைப் பார்த்த எங்கள் மாவட்டத்துக்கு அது எவ்வளவு என்று நான் விளக்கத் தேவையில்லை. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களை அது கொண்டுபோனது.

1922 இல் ஏழு மாநிலங்கள் கூடி கொலராடோவைப் பங்கு போட்டன. மேற்படுகைக்கு 75 இலட்சம் ஏக்கர் அடி, கீழ்ப்படுகைக்கு 75 இலட்சம். 1944 ஒப்பந்தத்தில் மெக்சிகோவுக்கு 15 இலட்சம். மொத்தம் 165 இலட்சம், அதாவது 150 கந்தளாய்க் குளம். ஆனால் அவர்கள் ஆற்றை அளந்து பார்த்த ஆண்டுகள் வழமைக்கு மாறாக மழை, பனி கூடிய ஆண்டுகள். 1976 இல் ஸ்ரொக்டன், ஜேக்கபி என்ற இருவர் பழைய மரங்களின் வளையங்களை வைத்து நீண்டகாலச் சராசரியைக் கணக்கிட்டபோது 135 இலட்சம் அளவுதான் வந்தது. 2000க்குப் பிறகு அதையும்விடக் குறைவு. இல்லாத தண்ணீரைத் தாளில் பங்கு போட்டுவிட்டார்கள்.

குறை விழுந்ததும் எல்லோரும் கை வைத்தது எழுத்தில் இல்லாத தண்ணீரில், அதாவது நிலத்தடியில். செய்மதித் தரவை வைத்து 2014 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 2004 கடைசி முதல் 2013 கடைசி வரை அந்தப் படுகை சுமார் 65 கன கிலோமீற்றர் நன்னீர் இழந்தது என்றது. அதில் 50 நிலத்தடி நீர். உலகமே கொலராடோவில் அணை கட்டித் தேக்கிய மீட் ஏரியின் சுற்றுப் பாறையில் வெள்ளைக் கோடு தெரிகிறது, ஏரி வற்றுகிறது என்று படம் பிடித்துக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய ஏரி கண்ணுக்குத் தெரியாமல் வற்றியது.

தம்பி, உங்கள் வயலுக்கு வரும் பங்கு உங்களுக்கு வர வேண்டும், அதில் இரண்டாம் பேச்சு இல்லை. நான் கேட்பது ஒன்றுதான். கிணற்றுத் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் ஒரே தண்ணீர் என்றால் இரண்டையும் ஒரே தாளில் எழுதுங்கள். வாய்க்காலில் 'மிச்சம்' என்று எழுதும்போதே கிணற்றில் எவ்வளவு குறையும் என்றும் எழுதுங்கள். பிறகு பங்கு போடுவோம்.

#8 தம்பலகாமக் கமம்

ஒரே தாளில் எழுதுவது எனக்கும் சம்மதம். ஆனால் அந்தத் தாளில் என் வீட்டுக் கணக்கையும் எழுத வேண்டும். கடைசி வயல் தரிசாகக் கிடந்தால் நான் கூலிக்குப் போகிறேன். கிணற்றுக்காரர் தோட்டம் செய்து மிளகாய் விற்கிறார். இருவரும் ஒரே வாய்க்காலின் பிள்ளைகள், ஆனால் துருசு திறக்கும் நாளில் வயற்காரனுக்குத்தான் பெயர் கூப்பிடுகிறார்கள். பெயர் கூப்பிட்டும் வராத தண்ணீர் பெயர் இல்லாதவர் கிணற்றில் இருக்கிறது என்பதுதான் என் வலி.

இன்னொன்று. எங்கள் பள்ளப் பக்க வயல்களில் சிறுபோகக் கடைசியில் மண் மேல் வெள்ளை பூக்கிறது. கசிவு கூடினால் உவரும் கூடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாலைவன ஆற்றில் இது இல்லையா?

#9 பாலை மண்

இருக்கிறது தம்பி, இருக்கிறது. உப்பு இங்கே தண்ணீர்ப் பஞ்சத்துக்குச் சமமான பிரச்சினை.

மேற்படுகையில் மான்கொஸ் மாக்கல் என்று ஒரு படை உண்டு, பழைய கடலின் சேறு. அதன் மேல் பாய்ச்சிய தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு ஆற்றுக்கு வரும். பரடொக்ஸ் பள்ளத்தாக்கில் நிலத்துக்கடியில் உப்புப் பாறையே இருக்கிறது. அங்கே ஆற்றில் கலக்கும் உப்பு நீரை இடைமறித்து ஆழ்துளைக் கிணற்றில் செலுத்தினார்கள். 2019 மார்ச்சில் அந்தப் பக்கம் 4.5 அளவு நிலநடுக்கம் வந்ததும் நிறுத்தி வைத்தார்கள்.

1961 இல் அரிசோனாவின் வெல்டன் மொஹாக் பகுதி வயல்களின் உவர் வடிகால் நீர் ஆற்றில் கலந்து மெக்சிகோவுக்குப் போனது. மெக்சிக்காலியில் பயிர் கருகியது, பெரிய இராசதந்திரச் சண்டை. 1973 இல் உடன்பாடு வந்தது. அந்த உவர்நீரை ஆற்றில் விடாமல் தனி வடிகாலில் தெற்கே கொண்டுபோய் கடலோர வெற்றுச் சேற்று நிலத்தில் விட்டார்கள்.

அங்கே யாரும் எதிர்பாராதது நடந்தது. தண்ணீர் 1977 முதல் தொடர்ந்து வந்ததால் அந்த வெறும் நிலம் 'சியெனகா டி சான்ட்டா கிளாரா' என்ற பெரிய சம்புப் புல் சதுப்பாகிவிட்டது. ஏராளமான பறவைகள் தங்கும் இடம். யூமாவில் அந்த உவர்நீரைச் சுத்திகரிக்கப் பெரிய ஆலை கட்டி 1992 இல் முடித்தார்கள். ஆனால் அதை முழுதாக ஓட்டினால் சதுப்பு செத்துவிடும். இன்றுவரை சொற்ப காலந்தான் ஓடியிருக்கிறது. கழிவு என்று தள்ளிய தண்ணீருக்கும் ஒரு சொந்தக்காரர் வந்துவிட்டார்.

உங்கள் வயலில் வெள்ளை பூப்பதற்கு மருந்து வடிகால். வாய்க்காலுக்கு முன்னால் வடிகாலைத் துப்பரவாக வெட்டச் சொல்லிக் கேளுங்கள்.

#10 வெருகல் முகத்துவாரம்

நான் எழுதுவதில்லை, வாசிப்பேன். கொலராடோ என்றதும் எழுத வேண்டும் போலிருந்தது.

அந்த ஆறு இப்போது கடலுக்குப் போவதில்லை. 1960களிலிருந்து பெரும்பாலும் எல்லைக்குக் கீழே மணல் மட்டும்தான். 1922 கணக்கில் ஏழு மாநிலத்துக்கும் பங்கு உண்டு, ஆற்று முகத்துக்குப் பங்கு இல்லை. மீனவருக்கும் இல்லை, 'ஆற்று மக்கள்' என்றே அறியப்படும் குக்கப்பா பழங்குடி மக்களுக்கும் இல்லை.

2014 மார்ச் 23 இல் இரு நாடுகளும் சேர்ந்து எல்லையில் இருக்கும் மொரேலொஸ் அணையைத் திறந்து எட்டுக் கிழமை தண்ணீர் விட்டன. அளவு ஏறத்தாழ 105,000 ஏக்கர் அடி. கொட்டியாரத்தான் அண்ணையின் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு கந்தளாய்க் குளம். சான் லூயிஸ் ரியோ கொலராடோ நகரத்துப் பாலத்துக்கடியில் காய்ந்த மணலில் தண்ணீர் நுனி ஊர்ந்து வந்தபோது ஊரே இறங்கி நின்றது. ஆற்றின் பெயரில் ஊர், ஆற்றைப் பார்க்காத பிள்ளைகள். மே நடுப்பகுதியில் நீர் கடலைத் தொட்டது.

ஆனால் விட்டதில் மிகப் பெரும்பங்கு வழியிலேயே மண்ணுக்குள் போய்விட்டது. நிலத்தடி நீர் மிகவும் ஆழத்துக்கு இறங்கியிருந்த பகுதியில் ஆறு அப்படியே உறிஞ்சப்பட்டது. அதனால் 2021 இல் மறுபடி 35,000 ஏக்கர் அடி விட்டபோது, அந்த வறண்ட பகுதியைத் தவிர்த்து, நீர்ப்பாசன வாய்க்கால் வழியாகக் கொண்டுபோய்க் கீழே ஆற்றில் விட்டார்கள். அங்கே வில்லோவும் கொட்டன்வூட் மரங்களும் பச்சை பிடித்தன.

நிலத்தடி வற்றினால் ஆறு ஓடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. எங்கள் வெருகலும் மகாவலிதான், கொட்டியாரக்குடாவில் விழுவதும் மகாவலிதான். 1976 இல் மகாவலியைத் திருப்பும் பொல்கொல்லை அணை திறந்ததிலிருந்து மேலே எவ்வளவு திருப்பினார்கள் என்பதை முகத்துவாரத்தில் இருப்பவன் ஒவ்வொரு கோடையிலும் உணர்கிறான். 2006 இல் மாவிலாறு துருசு பூட்டியபோது கீழே இருந்தவர்கள் எல்லா இனத்தவரும் பட்ட பாடும் இந்த மண்ணுக்குத் தெரியும். தண்ணீர்க் கணக்கில் ஆற்று முகத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

#11 உப்புவெளி வாசி

ஒப்பிடலாமா என்று கேட்டேன். பாலை மண் தம்பியும் வெருகல்காரரும் எழுதியதைப் பார்த்தால் ஒப்பிட வேண்டியது மழையை அல்ல, கணக்கு எழுதும் விதத்தை. சரி, இப்போது மூதூர் வாய்க்காலுக்கு என்ன செய்வது? கூட்டம் முடிந்துவிட்டது, சீமெந்து மூட்டை வந்து இறங்கிய பிறகு பேசிப் பயனில்லை.

#12 கல்லும் மண்ணும்

செய்ய வேண்டியது அளவு எடுப்பது. மெக்சிக்காலிக்காரர் வழக்கில் தடுமாறியதற்குச் சட்டம் ஒரு காரணம். எங்களுக்கு அப்படி வழக்குப் போக வேண்டிய நிலை வரக் கூடாது என்றால் கையில் எண் இருக்க வேண்டும்.

வாய்க்காலுக்குக் குறுக்காக ஒரே கோட்டில் நாலைந்து கிணறு தெரிவு செய்யுங்கள். ஒன்று கரையோரம், அடுத்தது கொஞ்சம் தள்ளி, கடைசி ஒன்று வாய்க்கால் எட்டாத தூரத்தில். கிணற்றுக் கட்டில் ஒரு இடத்தில் பெயின்ற் அடையாளம் போட்டு, அந்த இடத்திலிருந்தே ஒவ்வொரு முறையும் நீர் மட்டம் வரை ரேப்பால் (அளவு நாடா) அளவெடுங்கள். காலையில், யாரும் மோட்டர் போடும் முன். துருசு திறந்த நாள், பூட்டிய நாள், மழை பெய்த நாள் மூன்றையும் பக்கத்தில் எழுதுங்கள். தூரக் கிணறு அசையாமல் கரைக் கிணறு மட்டும் துருசோடு ஏறி இறங்கினால் அதுதான் உங்கள் சான்று. எல்லாக் கிணறும் ஒன்றாக ஏறினால் அது மழை. அப்போது தம்பலகாமத் தம்பி சொல்வது சரி, சீமெந்து போடலாம்.

வாய்க்கால் கசிவையும் அளக்கலாம். ஒரு துண்டை இரு பக்கமும் மண் மூட்டையால் கட்டி, தண்ணீர் நிறைத்து, ஒரு இரவில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பாருங்கள். களிமண் பகுதியில் அசையவே அசையாது, மணற்பகுதியில் விடியும்போது பாதி இருக்காது. முழு நீளத்துக்கும் சீமெந்து தேவையா, சில துண்டுகளுக்கு மட்டுமா என்பது அப்போது தெரியும். என் அனுபவத்தில் பெரும்பாலும் சில துண்டுகளுக்குத்தான்.

#13 தம்பலகாமக் கமம்

இது நியாயம். மணற்பகுதியில் கிணறு இல்லாத இடங்களுக்குச் சீமெந்து போட்டு, கிணறு உள்ள பக்கத்தை மண்ணாகவே விட்டால் எனக்கும் தண்ணீர் வரும், அண்ணைக்கும் கிணறு நிற்கும். அளக்க ஆள் வேண்டுமென்றால் நானும் வருகிறேன். எங்கள் பக்கமும் இதையே செய்ய வேண்டும்.

#14 கொட்டியாரத்தான்

வாருங்கள் தம்பி. கரையோரம் இரண்டு, நடுவில் ஒன்று, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒன்று, நாலு கிணறு பார்த்து வைத்திருக்கிறேன், வீட்டுக்காரர்களும் சம்மதம். எட்டாத தூரத்துக்கு ஒன்று இன்னும் தேட வேண்டும். சிறுபோகத்துக்குத் துருசு திறக்குமுன் முதல் அளவு எடுத்தாக வேண்டும். வெருகல்காரர், உங்கள் பக்கம் ஆற்றோரக் கிணறு ஒன்றையும் சேர்ப்போமா? அளவுகளை இந்த இழையிலேயே போடுகிறேன். ஐயா, 30 மீற்றர் துணி ரேப் போதுமா, இல்லை ஸ்ரீல் ரேப்தான் வேண்டுமா?

#15 கல்லும் மண்ணும்

ஸ்ரீல் ரேப் எடுங்கள், துணி நனைந்தால் இழுபடும். நுனியில் சோக்குக்கட்டியைத் தேய்த்து இறக்குங்கள், நனைந்த இடம் தெளிவாகத் தெரியும்.